நாலடிச் சதுரமும் நாலு சதுர அடியும்

நாலடிச் சதுரம், நாலு சதுர அடி. இரண்டு தொடர்களிலும் இருப்பவை அதே மூன்று சொற்கள். மாறியது வரிசை மட்டுமே. முதலாவதன் பரப்பு 16 சதுர அடி. இரண்டாவதன் பரப்பு 4. இடமாற்றத்தில் ஒரு நிலம் நான்மடங்காகிறது, அல்லது நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. முதல் தொடரில் 'நாலு' என்னும் எண் 'அடி'யைத் தழுவுகிறது; அந்த நாலடி பின்னர் சதுரத்துக்கு அடையாகிறது. இரண்டாவதில் 'சதுர அடி' முன்னரே ஒட்டி ஓர் அலகாகிவிடுகிறது. எண் அந்த அலகை எண்ணுகிறது. பெயரடை எதனோடு முதலில் சேர்கிறது என்பது இலக்கண வகுப்பில் ஒரு மரப்படம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் அது பணம்.

இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்திலும் 'சதுர' என்னும் சொல் 'அடி'க்கு முன் வந்தால் ஒரு பொருள், பின் வந்தால் வேறு பொருள். வங்காளியில் 'பர்க்' என்னும் சொல்லை இடம் மாற்றினால் அதே விபத்து நேரும். மாணவர்கள் சுற்றளவையும் பரப்பளவையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக எழுதுவதைக் கணிதக் கல்வி பற்றிய எழுத்துகள் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகின்றன. அதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்தத் தவற்றில் பாதி மொழியினுடையது. மீதியில் ஒரு பங்கு, அளவைகளுக்குப் பெயரிட்ட முன்னோருடையது.

இதைப் பார்க்கப் பொருத்தமான ஊர் கொல்கத்தாவின் கார்டன் ரீச். ஹூக்ளி ஆற்றின் கரையில், துறைமுகத்தையும் கப்பல் கட்டும் தளத்தையும் ஒட்டிய பகுதி. மேட்டியாபுருஜ் இதன் உடன்பிறப்பு. தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. வங்காளி, உருது, இந்தி மூன்றும் தெருவில் ஒலிக்கும் ஊர். ஆகவே ஒரே சந்தில் வசிக்கும் மூன்று குழந்தைகள், ஒரே சதுரத்தை மூன்று பெயர்களில் கற்கக்கூடும். வங்காளி வழியில் படிப்பவருக்குச் சுற்றளவு 'பரிசீமா': சுற்றிவரும் எல்லை. உருது வழியில் அது 'இஹாத்தா': அடைப்பு, சுற்றி வளைத்த இடம். பரப்பளவு வங்காளியிலும் இந்தியிலும் 'க்ஷேத்ரபலம்'. சொல்லைப் பிரித்தால் வயலின் பலன். உருதுவில் 'ரக்பா'. சதுரம் வங்காளியில் 'வர்கக்ஷேத்ரம்', உருதுவில் 'முரப்பா'. (பஞ்சாபின் கால்வாய்க் குடியேற்றப் பகுதிகளில் முரப்பா என்றால் 25 ஏக்கர் நிலம். வடிவத்தின் பெயர் அளவின் பெயராகிவிட்டது.)

தமிழ்ப் பாடநூல் 'சுற்றளவு', 'பரப்பளவு' என்று இரண்டையும் 'அளவு' என்னும் ஒரே ஈற்றில் முடிக்கிறது. கேட்க அழகு. ஆனால் இரண்டும் ஒரே இனத்துப் பொருள்கள் என்ற தோற்றத்தை அந்த ஈறு தந்துவிடுகிறது. 'எல்லை' என்றும் 'வயலின் பலன்' என்றும் கற்கும் குழந்தைக்கு, ஒன்று வேலிக்கு உரியது, மற்றொன்று விளைச்சலுக்கு உரியது என்பதைச் சொல்லே ஓரளவு காட்டிக்கொடுக்கும். இந்தப் 'பலன்' பழையது. கி.பி. 499இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதி, சமநாற்கரமான சதுரத்தையும், அதன் பலனாகிய பரப்பையும், சமமான இரண்டின் பெருக்கத்தையும் 'வர்கம்' என்ற ஒரே சொல்லில் அடக்குகிறது. வடிவம், அதன் உள்ளிடம், எண்கணிதச் செயல் மூன்றுக்கும் ஒரு பெயர். மேதைகளுக்கு இது சிக்கனம். ஆறாம் வகுப்புக்கு இது இருட்டு.

இனி அளவைக்கு வரலாம். வங்காளத்தில் நிலம் பிகாவிலும் காட்டாவிலும் பேசப்படுகிறது. ஒரு பிகா 20 காட்டா. ஒரு காட்டா 720 சதுர அடி. ஆக ஒரு பிகா 14,400 சதுர அடி. 14,400 என்பது 120இன் வர்க்கம் என்பது கண்ணில் படும்போதுதான் பிகாவின் உருவம் தெரிகிறது. அது ஒரு சதுரம். பக்கம் 120 அடி, அதாவது 80 'ஹாத்'. ஹாத் என்பது கை, தமிழின் முழம். முழத்துக்கு 18 அங்குலம்.

சிக்கல் இதற்குப் பிறகே தொடங்குகிறது. பழைய வங்காளக் கணக்கில் பிகா பரப்பின் பெயர் மட்டுமன்று. 80 முழ நீளத்தின் பெயரும் அதுவே. காட்டாவும் அப்படித்தான்: நீளமாகச் சொன்னால் 4 முழம், பரப்பாகச் சொன்னால் 320 சதுர முழம். நீளத்துக்கும் பரப்புக்கும் ஒரே சொல்லை வழங்கிய சமூகம் எப்படிக் குழம்பாமல் நிலம் அளந்தது? சுபங்கரர் பெயரில் வழங்கும் மனப்பாடச் செய்யுள்களில் அதற்கு வழி இருக்கிறது. பாடசாலைகளில் தலைமுறைகளாக ஓதப்பட்ட அந்த விதியின் சாரம் இதுதான். பிகாவைப் பிகாவால் பெருக்கினால் பிகா. பிகாவைக் காட்டாவால் பெருக்கினால் காட்டா. காட்டாவைக் காட்டாவால் பெருக்கினால் தூல். 20 தூல் ஒரு காட்டா.

இதைச் சரிபார்க்கலாம். 80 முழத்தை 80 முழத்தால் பெருக்க 6,400 சதுர முழம்: பரப்புப் பிகா. 80 முழத்தை 4 முழத்தால் பெருக்க 320: பரப்புக் காட்டா. 4 முழத்தை 4 முழத்தால் பெருக்க 16: அது தூல். இருபது பதினாறு 320. விதி பொருந்துகிறது. 'ஒரே சொல், இரண்டு பொருள்' என்ற குறையை இந்தச் செய்யுள் மறைக்கவில்லை. பெருக்கலின் போது எந்தப் பொருள் எந்தப் பொருளாக மாறும் என்பதற்கு ஓர் இலக்கணம் எழுதித் தந்துவிட்டது. புணர்ச்சி விதியைப் போல.

ஒரு சதுர நிலத்தின் பக்கம் 1 பிகா 5 காட்டா என்று வைத்துக்கொள்வோம். பிகாவும் பிகாவும் பெருக 1 பிகா. பிகாவும் ஐந்து காட்டாவும் இருமுறை பெருக 10 காட்டா. ஐந்து காட்டாவும் ஐந்து காட்டாவும் பெருக 25 தூல். அதில் இருபதை எடுத்துக்கொண்டால் 1 காட்டா 5 தூல். கூட்டினால் 1 பிகா 11 காட்டா 5 தூல். அடியில் சரிபார்ப்பவர் பக்கத்தை 150 அடியாகக் கொண்டு 22,500 சதுர அடி என்பார். 14,400, 7,920, 180 மூன்றையும் கூட்டினாலும் அதே 22,500. இரண்டு உறுப்புகளின் கூட்டலை வர்க்கமாக்கும் சூத்திரத்தை உயர்நிலைப் பள்ளியில் எழுத்துகளைக் கொண்டு கற்பிக்கிறார்கள். பாடசாலைப் பையன் அதை நிலமாகவே கற்றிருந்தான்: ஒரு பெரிய சதுரம், இரண்டு பட்டைகள், மூலையில் ஒரு சிறு சதுரம். நடுவில் வரும் 'இருமடங்கு' எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கத் தேவையில்லை. பட்டை இரண்டு பக்கமும் இருக்கிறதே.

தூலில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் பக்கம் 4 முழம். பரப்பு 16 சதுர முழம். சுற்றளவும் 16 முழம். சதுரங்களில் பக்கம் 4 ஆக இருக்கும்போது மட்டுமே இந்த ஒற்றுமை நேரும்; பக்கத்தை அதனாலேயே பெருக்கினாலும் நான்கால் பெருக்கினாலும் ஒன்றாக வரவேண்டுமானால் பக்கம் நான்காகத்தான் இருக்க வேண்டும். பாடநூல் எழுதுபவர்கள் எடுத்துக்காட்டுக்கு எளிய எண்ணாக இருக்கட்டும் என்று நான்கைத் தேர்ந்தெடுப்பதுண்டு; சுற்றளவையும் பரப்பையும் பிரித்துக்காட்ட அதைவிட மோசமான எண் கிடையாது. வங்காளத்தின் சிறிய பெயர்பெற்ற சதுரமும் அதே எண்ணில் அமைந்துவிட்டது. ஆனால் அதே தூலை அடியில் அளந்தால் பக்கம் 6 அடி, சுற்றளவு 24 அடி, பரப்பு 36 சதுர அடி. நிலம் மாறவில்லை, சமம் என்று தோன்றியது கலைந்துவிட்டது. முழமும் சதுர முழமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது அரிது. அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர் கொடியவரல்லர்.

காட்டாவிலும் இன்னொரு பாடம் ஒளிந்திருக்கிறது. பிகாச் சதுரத்தை ஒரே திசையில் இருபது பட்டைகளாகக் கீறினால் ஒரு பட்டை ஒரு காட்டா: அகலம் 6 அடி, நீளம் 120 அடி, பரப்பு 720 சதுர அடி, சுற்றளவு 252 அடி. அதே 720 சதுர அடியைச் சதுரமாக அமைத்தால் பக்கம் 26.8 அடிக்குச் சற்று மேல். சுற்றளவு ஏறத்தாழ 107 அடி. ஒரே காட்டாவுக்கு வேலி அடைக்க ஒருவர் 252 அடி வாங்குகிறார், மற்றவர் 107 அடியோடு வீடு திரும்புகிறார். சதுரத்தை எல்லாரும் விரும்புவதற்கு அழகு மட்டும் காரணமன்று. சுற்றளவைக் கொண்டு நிலத்தை மதிப்பவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். யூக்ளிடின் முதல் நூலுக்கு உரையெழுதிய புரோக்ளஸ், சுற்றளவு பெரிதாக உள்ள நிலத்தைக் கொடுத்துவிட்டு, உண்மையில் பரப்பு மிகுந்த நிலத்தைத் தாம் வைத்துக்கொண்டவர்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அவர்களுக்கு நேர்மையாளர் என்ற பெயரும் கிடைத்ததாம்.

தென்னாட்டிலிருந்து கார்டன் ரீச்சுக்கு ரயில்வே வேலைக்கு வந்து, அங்கேயே மனை வாங்க எண்ணும் ஒருவரின் முதற்கேள்வி, ஒரு காட்டா எத்தனை கிரவுண்டு என்பதாகத்தான் இருக்கும். கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆகவே 10 காட்டா 3 கிரவுண்டு. சென்னையின் பழைய காணி 24 மனை, அதாவது 57,600 சதுர அடி; அது 240 அடிச் சதுரம்; சரியாக 4 பிகா. தஞ்சை வட்டாரத்துக்கு வந்தால் வியப்பு கூடுகிறது. அங்கு 12 அடிக் கோலின் சதுரம் ஒரு குழி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. ஒரு மா 14,400 சதுர அடி. வங்காளத்தின் பிகாவும் தஞ்சையின் மாவும் ஒரே அளவுடையவை. இரண்டும் 120 அடிச் சதுரங்கள். அவற்றின் மேற்படியும் கீழ்ப்படியும்கூட இருபதால் நடக்கின்றன. 20 காட்டா ஒரு பிகா. 20 மா ஒரு வேலி. மா என்னும் சொல்லுக்கே தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் இருபதில் ஒன்று என்பது பொருள்.

இதைக் கண்டவுடன் சோழர் வங்கப் படையெடுப்பை நினைத்துக்கொண்டு யாரேனும் ஒரு கட்டுரை எழுதிவிடக் கூடாது. 12 அடிக் கோல் என்பது 8 முழம். பத்துக் கோல் 80 முழம். இரண்டு சமூகங்களும் கையின் நீளத்திலிருந்து தொடங்கி, நான்கு, எட்டு, பத்து, இருபது என்று வசதியான எண்களால் ஏறியிருக்கின்றன. முழத்தைப் பதினெட்டு அங்குலமாக நிலைநிறுத்திவிட்டால் அவை ஓரிடத்தில் சந்திப்பது அதிசயமன்று. பிகாவும் குழியும் ஊருக்கு ஊர் வேறுபட்டவை என்பதையும் மறக்கலாகாது. இங்கு ஒத்துப்போவது கணக்கு. வரலாறு ஒத்துப்போகிறதா என்பது வேறு கேள்வி.

குழி என்ற சொல்லிடம் சற்று நிற்க வேண்டும். பள்ளத்துக்குப் பெயரான இச்சொல், நிலத்தில் ஒரு கோல் சதுரத்துக்கும் பெயர். கணக்கில் ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி வருவதற்கும் அதுவே பெயர். ஆரியபட்டரின் வர்கம் செய்த அதே வேலையைத் தமிழில் குழி செய்திருக்கிறது. திண்ணைப் பள்ளிகளில் மாணவர்கள் மனனம் செய்த வர்க்க வாய்பாடு குழிமாற்று எனப்பட்டது. முழு எண்களுக்குப் பெருங்குழி, பின்னங்களுக்குச் சிறுகுழி. அரையை அரையால் பெருக்கினால் கால். காலைக் காலால் பெருக்கினால் வீசம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய செந்தில் பாபு, திண்ணைப் பள்ளிக் கணக்கையும் அதன் சமூகத்தையும் பற்றி 2022இல் வெளியான தம் ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இக்கணக்கைக் கோயிற்கல்விக்கு வெளியே, நில அளவையரும் கணக்குப்பிள்ளையும் நெல் அளப்பவரும் இருக்கும் இடத்தில் வைத்து அவர் பார்த்தது முக்கியமான நகர்வு.

சிறுகுழி எதற்கு என்று கேட்கத் தோன்றும். மேலே கண்ட 150 அடிப் பக்கத்தைத் தஞ்சைக் கோலால் அளந்தால் பன்னிரண்டரைக் கோல். பன்னிரண்டரையை வர்க்கமாக்க அரையின் வர்க்கம் தெரிய வேண்டும். விடை 156¼ குழி, அதாவது 1 மா 56¼ குழி. வரி அந்தக் கால் குழிக்கும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் காலத்துக் கல்வெட்டுகளில் நிலம் முந்திரி, கீழ்முந்திரி என நுண்பின்னங்கள் வரை குறிக்கப்படுவதைக் கண்டு, அரசின் நிர்வாகத் திறனை வியந்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த நுட்பத்தின் மறுபக்கத்தில் நெல் அளந்து கொடுத்தவன் நின்றான் என்பதையும் சேர்த்தே வியக்கலாம்.

அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் கோலின் நீளமே உயிர்நாடி. சோழர் கல்வெட்டுகளில் பதினாறு சாண் கோல் என்றும் பன்னிரு சாண் கோல் என்றும் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். சில கோயில்களில் கோலின் நீளமே கல்லில் கீறி வைக்கப்பட்டிருக்கிறது. ஏன் இவ்வளவு கவலை? 12 அடிக் கோலுக்குப் பதில் ஒருவர் 11 அடிக் கோலோடு வந்தார் என்று கொள்வோம். கோல் குறைந்தது பன்னிரண்டில் ஒரு பங்கு, நூற்றுக்கு எட்டுக்குச் சற்று மேல். அவர் ஒரு மா நிலத்தின் ஓரத்தைச் சுற்றி அளந்தால் 40 கோலுக்குப் பதில் 43½க்குச் சற்று மேல் வரும். நூற்றுக்கு ஒன்பது கூடுதல். பரப்பாகக் கணக்கிட்டால் 100 குழி 119 குழியாகிவிடுகிறது. நூற்றுக்குப் பத்தொன்பது கூடுதல். கோலில் செய்த களவு சுற்றளவில் ஒருமுறை எண்ணப்படுகிறது, பரப்பில் இருமுறை. நிலம் அங்குலமும் நகரவில்லை. வரி ஐந்தில் ஒரு பங்களவுக்கு ஏறிவிட்டது. வேலியைப் பார்த்துக் கொண்டிருப்பவனுக்கு இது தெரியாது. கோயில் சுவரில் கீறிய கோடு எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருப்பது இதற்காகத்தான் என்று கருத இடமுண்டு.

பக்கத்தை மாற்றினால் பரப்பு வேறு வேகத்தில் மாறும் என்பது மனிதர்களுக்கு எளிதில் பிடிபடாத செய்தி. பிளேட்டோவின் மேனோன் உரையாடலில் ஓர் அடிமைச் சிறுவனிடம் சதுரத்தை இருமடங்காக்கச் சொல்கிறார் சாக்ரடீஸ். அவன் பக்கத்தை இருமடங்காக்கி நான்மடங்கில் மாட்டிக்கொள்கிறான். விடை மூலைவிட்டத்தில் இருக்கிறது. வேள்விமேடை அமைக்கக் கயிறு பிடித்த போதாயன சுல்ப சூத்திரக்காரர்களும் சதுரத்தின் குறுக்குக் கயிறு இருமடங்கு பரப்பைத் தரும் என்று விதித்திருந்தார்கள். இவை பலரும் அறிந்தவை. மேட்டியாபுருஜின் பட்டத்தை யாரும் இவ்வரிசையில் சேர்ப்பதில்லை.

அவத்தின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா, அரசை இழந்து 1856இல் கல்கத்தா வந்து, 1887இல் இறக்கும் வரை இப்பகுதியில் வாழ்ந்தார். லக்னோவின் தையல், சமையல், இசை ஆகியவற்றோடு பட்டம் விடும் கலையும் அவருடைய பரிவாரத்தோடு வந்ததாக ஊர் நம்புகிறது. இங்கு செய்யப்படும் பட்டம் சதுரத் தாள். முதுகெலும்பாக ஒரு மூங்கில் குச்சி, வில்லாக ஒரு குச்சி. பக்கத்தைப் பாதியாக்கினால் தாள் கால் பங்காகிறது. காற்று தாங்கும் பரப்பும் கால் பங்கே. ஆனால் ஓரத்தில் வைத்து மடித்து ஒட்டும் நூல் பாதிதான் குறைகிறது. ஒரு பெரிய தாளை நான்கு சிறு பட்டங்களாக வெட்டினால் தாள் செலவு கூடவில்லை, ஓரநூல் இருமடங்காகிவிடுகிறது. தையற்காரரின் கைக்குட்டைக்கும் இதுவே கதி: இரண்டடிச் சதுரத் துணியின் ஓரம் 8 அடி, அதை ஓரடிக் கைக்குட்டைகள் நான்காக வெட்டினால் மடித்துத் தைக்க வேண்டிய ஓரம் 16 அடி. துணி வாங்குபவரின் செலவு பரப்போடு நிற்கிறது. தைப்பவரின் நேரம் சுற்றளவோடு கூடுகிறது. சிறிய சதுரத்துக்கு, அதன் அளவுக்கு மிஞ்சிய ஓரம் உண்டு.

இந்த ஒரு வாக்கியம் கார்டன் ரீச்சின் நிலத்துக்கும் பொருந்தும். ஊரின் பெயரே ஆற்றங்கரைத் தோட்டங்களால் வந்தது. கம்பெனிக் காலத்து ஆங்கிலேயர்களின் தோட்ட மாளிகைகள் இங்கே வரிசையாக நின்றன. அவற்றைச் சூழ்ந்த நிலம் பிகாக்களில் பேசப்பட்டது. நவாபின் காலத்துக்குப் பின் அவருடைய உடைமைகளும் கலைந்தன. துறைமுகம், ஆலைகள், தையல் தொழில் என்று ஆட்கள் பெருகினர். 1984இல் கார்டன் ரீச் நகராட்சி கல்கத்தா மாநகராட்சியோடு இணைந்தது. இன்று மனை வாங்க வருபவர் ஒரு காட்டா, ஒன்றரைக் காட்டா என்று பேசுகிறார்.

120 அடிப் பக்கமுள்ள ஒரு பிகாவை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 480 அடி. அதைப் பக்கத்துக்கு நான்காக, பதினாறு சதுர மனைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 30 அடிச் சதுரம், 900 சதுர அடி, ஒன்றேகால் காட்டா. பதினாறும் சேர்ந்து அதே 14,400. ஆனால் ஒவ்வொரு மனையின் சுற்றளவும் 120 அடி. பதினாறுக்கும் சேர்த்து 1,920 அடி. பரப்பு மாறாமல் ஓரம் நான்மடங்காகிவிட்டது.

எந்த நகரத்திலும் கட்டட விதி ஓரத்தைப் பற்றிப் பேசுகிறது. சுவருக்கும் மனையின் எல்லைக்கும் இடையே இவ்வளவு திறந்த வெளி விட வேண்டும் என்பது அதன் மையம். காற்று, வெளிச்சம், தீயணைப்பு, அடுத்த வீட்டின் பாதுகாப்பு எல்லாம் அந்தப் பட்டையில் இருக்கின்றன. எந்த நகரம் எத்தனை அடி கேட்கிறது என்பதை ஒதுக்கிவிட்டு, கணக்குக்காக நாற்புறமும் நான்கடி என்று கொள்வோம். பிகாவின் சொந்தக்காரருக்குப் பக்கம் 112 அடியாகக் குறைகிறது. கட்ட எஞ்சும் பரப்பு 12,544 சதுர அடி. நூற்றுக்கு 87 பங்கு அவர் கையில். முப்பதடி மனைக்காரருக்குப் பக்கம் 22 அடி. எஞ்சுவது 484 சதுர அடி. நூற்றுக்கு 54 பங்குக்கும் குறைவு. ஒரு காட்டாச் சதுரக்காரருக்கு ஏறத்தாழ 355 சதுர அடி, பாதிக்கும் கீழே. விதி எல்லாருக்கும் ஒரே நான்கடிதான். ஏழையிடம் அது மனையில் பாதியைக் கேட்கிறது, செல்வரிடம் எட்டில் ஒன்றை. வட்டி விகிதத்தில் இப்படி ஒரு வேறுபாடு இருந்திருந்தால் தெருவில் கொடி பிடித்திருப்பார்கள். சதுரத்துக்குள் இருப்பதால் யாருக்கும் கேட்கவில்லை. மனையின் அளவுக்கேற்ப விதியைத் தளர்த்தும் நகரங்கள் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவை. ஆனால் தளர்த்துவது என்றால் அந்தக் காற்றும் வெளிச்சமும் சின்ன மனைக்காரருக்குத் தேவையில்லை என்று முடிவு செய்வதும்தான். இரண்டு பக்கமும் வலிக்கும் கணக்கு இது.

இழந்த பரப்பை மீட்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஓரத்தை விழுங்குவது: நான்கடிப் பட்டையை விடாமல் எல்லை வரை சுவர் எழுப்பினால் 484 மீண்டும் 900 ஆகிவிடுகிறது. மற்றொன்று, மேலே ஏறுவது: 484 சதுர அடியில் இரண்டு மாடி எழுப்பினால் 968. இரண்டையும் ஒருங்கே செய்தால், ஐந்து மாடிகளில் 4,500 சதுர அடி. வாடகையும் விற்பனையும் பரப்பில்தான் எண்ணப்படுகின்றன. மாடிகள் ஏற ஏறப் பரப்பு கூடிக்கொண்டே போகிறது. அந்த எடையை வாங்கும் தரையும், மக்கள் வெளியேறும் சந்தும் அதே அளவில் நிற்கின்றன.

2024 மார்ச் 17ஆம் தேதி நள்ளிரவையொட்டி, கார்டன் ரீச்சில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஓர் ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து, அருகிலிருந்த தகரக் கூரைக் குடிசைகளின் மேல் விழுந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டடம் சட்டவிரோதமானது என்று மாநில முதல்வரே கூறினார். நீர்நிலையை மூடிய இடத்தில் எழுப்பப்பட்டது என்றும் செய்திகள் வந்தன. சரிந்ததற்கான பொறியியல் காரணங்கள் வேறு துறையினரின் ஆய்வுக்கு உரியவை. சதுரத்தின் சுற்றளவு அதற்குக் காரணம் என்று சொல்வது அபத்தம். ஆனால் கட்டடம் விழுந்த இடம் சுற்றளவின் மறுபுறம். உள்ளே பரப்பை எண்ணியவர்கள் வேறு, வெளியே தூங்கிக் கொண்டிருந்தவர்கள் வேறு.

நிலப் பத்திரத்தை வாசித்தவர்களுக்கு இது பழகிய பிரிவினை. பத்திரத்தின் சொத்து விவரத்தில் பரப்பு எண்ணாக வருகிறது: இத்தனை காட்டா, இத்தனை சடாக், தமிழ்நாட்டில் இத்தனை சென்ட், இத்தனை சதுர அடி. சுற்றளவு எண்ணாக வருவதில்லை. அதற்கு வங்காளப் பத்திரத்தில் 'சௌஹத்தி' என்று தலைப்பு. தமிழ்ப் பத்திரத்தில் நான்கெல்லை, அல்லது செக்குபந்தி. அதன் கீழே பக்கத்துக்கு ஒரு வரியாக, கிழக்கே இன்னாருடைய வீடு, மேற்கே இன்னாருடைய மனை, வடக்கே குளம், தெற்கே ஆறடிப் பொதுவழி என்று ஆட்களின் பெயரும் வழியின் அகலமும் எழுதப்பட்டிருக்கும்.